வழக்கு என்ன ஆயிற்று?

ஆறே வரி. பத்திரிகையின் உள்பக்கத்து மூலையில் ஆறே வரிச் செய்தி. இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளி மரணம்; ஊர், வயது, மனைவி, இரண்டு குழந்தைகள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்."

இந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்திருப்போம், தோழர்களே! விசாரித்து வருகின்றனர், வருகின்றனர், வந்துகொண்டே இருக்கின்றனர். விசாரணை வந்து சேர்ந்தது, வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று, முதலாளி கூண்டில் ஏறினார், மாஜிஸ்திரேட் இன்ன தீர்ப்பளித்தார் என்ற ஏழாவது வரியை எத்தனை முறை படித்திருக்கிறோம்? விரல் விட்டு எண்ணிவிடலாம். விரல் போன தொழிலாளிகூட மீதி விரலில் எண்ணிவிடலாம்.

அந்த ஏழாவது வரியைப் பற்றித்தான் இன்று பேச்சு.

விரலைச் சொன்னது வெறும் சொல்லழகுக்காக அல்ல. மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் தகட்டு வேலை செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை. அங்கே பவர் பிரஸ்ஸில் நின்ற ஒரு தம்பியின் வலது கையில் நான்கு விரல்களை இயந்திரம் தின்றது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு அந்தப் பிரஸ்ஸுக்கு உண்டு. அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். அது மாட்டியிருந்தால் மணிக்கு இத்தனை துண்டு என்ற கணக்கு குறையுமாம்! துண்டுக் கணக்கு குறையவில்லை. விரல் கணக்குதான் குறைந்தது.

மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் தம்பி இப்போது ஓர் அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன். போன மாதம் டீக்கடையில் பார்த்தேன். "வழக்கு என்ன ஆயிற்று, தம்பி?" என்று கேட்டேன்.

"எந்த வழக்கு, அண்ணே?" என்றார்.

எனக்கு அந்த டீ இறங்கவில்லை. வழக்கு தொடர்ந்தவன் கேட்கவில்லை, தொடரப்பட்டவன் கேட்கவில்லை; யாருக்காக வழக்கோ அவனே கேட்கிறான், எந்த வழக்கு என்று! வீட்டுக்குப் போய்த் தேடினோம். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அவர் நினைத்துப் பத்திரப்படுத்தியிருந்த ஒரு தாள் இருந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகல். அதில் எண் இருந்தது, தேதி இருந்தது, பிரிவு இருந்தது. புகார் கொடுத்தவர் யார் என்று பார்த்தேன். காயம்பட்டவர் அல்ல, அவர் மனைவி அல்ல. அந்தப் பட்டறையின் சூப்பர்வைசர்!

நிலையம் போய் விசாரித்தபோது விளங்கிற்று. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பு மூடப்பட்டிருக்கிறது. வழக்கை முடித்தால் புகார்தாரருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்திருக்கிறார்கள். சூப்பர்வைசருக்கு! அவர் ஏன் ஆட்சேபம் சொல்லப் போகிறார்? ஆட்டுக்காக வழக்கு, அறிவிப்பு போனதோ கசாப்புக் கடைக்கு.

ஆகவே முதல் பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது. விபத்து நடந்த அன்று, ரத்தம் காய்வதற்குள், யார் பெயரில் புகார் என்று பார்க்க வேண்டும். குடும்பத்தாரோ உடன் வேலை செய்தவரோ புகார்தாரராக இருக்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்தில் வழக்கின் பாதி விதி இருக்கிறது.

மறு பாதி எங்கே இருக்கிறது? அது போலீசிடம் இல்லை. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத சங்கதி இது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 2025 நவம்பர் வரை அமுலில் இருந்தது. அந்தச் சட்டப்படி, பாதுகாப்பு விதியை மீறிய ஆலை மீது கோர்ட்டில் பிராது கொடுக்கும் அதிகாரம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கையில். அவரே கொடுக்க வேண்டும், அல்லது அவர் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். மரணம் என்றால் ஒரு மாதத்துக்குள் விசாரணை. குற்றம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிராது. மூன்று மாதம் முடிந்து ஒரு நாள் ஆனாலும் கோர்ட் அதைக் கையில் எடுக்காது. சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே மூன்று மாதக் கெடு.

மூன்று மாதம் என்பது என்ன? பதினாறாம் நாள் காரியம், ஆஸ்பத்திரி அலைச்சல், வாரிசு சர்ட்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ் நடை. இதற்கே மூன்று மாதம் போதாது. கண்ணீர் காய்வதற்கு முன் கெடு முடிந்துவிடுகிறது. கொடுத்த கடனைக் கேட்கக்கூட மூன்று வருஷம் தரும் சட்டம், கொடுத்த உயிரைக் கேட்க மூன்று மாதம் தந்தது!

தண்டனையையும் பார்த்துவிடுவோம். பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை, "அல்லது" ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விதிமீறலால் உயிர் போனால் அபராதம் ரூ. 25,000-க்குக் குறையக் கூடாது. இந்த "அல்லது" என்ற மூன்றெழுத்துக்கும் ஓர் எழுத்துக்கும் இருக்கிற வலிமை ஆயிரம் வக்கீல்களுக்கு இல்லை. எத்தனை முதலாளிகள் அந்தச் சொல்லின் மீது ஏறி ஜெயில் மதிலைத் தாண்டியிருக்கிறார்கள்!

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டு வந்துவிட்டது. பாதுகாப்புக்கான தொகுப்பில், விதியை மீறி மரணம் நேர்ந்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரூ. 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் "அல்லது" அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கெடுவும் ஒழியவில்லை. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமானால், உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமரசம் செய்துகொண்டு போகலாம், தள்ளுபடி விற்பனை! இன்னொன்று: மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 20 பேர் வேண்டும் என்கிறது புதியது. நம் தம்பி விரலை இழந்த பட்டறை போன்ற இடங்கள் இனி "தொழிற்சாலை" என்ற கணக்கிலேயே வராது. பிரஸ் அதே பிரஸ்தான், கை அதே கைதான்.

விந்தை பாருங்கள். 2024 ஜூலை முதல் அமுலான பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருஷம் வரை சிறை என்று ஏற்றியிருக்கிறார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு வருஷம். தெருவில் லாரி ஏற்றிய டிரைவருக்கு ஐந்து வருஷம் வரை காத்திருக்கிறது. ஆலையில் கார்டைக் கழற்றச் சொன்னவருக்கு, தொழிலாளர் சட்டத்தின் வழியே போனால், இரண்டுடன் சரி, அதுவும் "அல்லது".

சட்டத்தில் உள்ளது இவ்வளவு. நடந்தது எவ்வளவு? இந்தியாஸ்பெண்ட் என்ற செய்தி அமைப்பு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்ற மத்திய சர்க்கார் கணக்கை 2022-ல் வெளியிட்டது. 2018 முதல் 2020 வரை மூன்று வருஷத்தில், பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் குறைந்தது 3,331 சாவுகள். தொழிற்சாலைச் சட்டப்படி சிறைக்குப் போனவர்கள் 14 பேர்.

3,331. 14. இதற்கு மேல் அலங்காரம் வேண்டியதில்லை.

நம் பேட்டைக்கு வருவோம். மாம்பலம் ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கம். மேற்கே இறங்கினால் நம் வீடுகள், மெஸ்கள், கடைப் பையன்கள் பத்துப் பேராகப் படுக்கும் அறைகள். கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. அந்தத் தெருவின் பெரிய கடை ஒன்றில் 2008 செப்டம்பரில் தீப்பிடித்தது; ஊழியர் இருவர் உயிரிழந்தனர். அந்தத் தெருவில் இன்று ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள்! அவர்களை நிறுத்திக் கேளுங்கள். தீ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வழக்கின் எண்ணைச் சொல்பவர் ஒருவர் இருப்பாரா? 2021-ல் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது: கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று. கால் நரம்பு சுருண்ட நம் பெண்கள் மகிழ்ந்தார்கள். சரி, இருக்கை தராத கடை எத்தனை மீது வழக்குப் போட்டார்கள்? சட்டம் வந்ததற்குப் பட்டாசு வெடித்தோமே, வழக்கு வந்ததா என்று கேட்டோமா?

அதே மாம்பலம் நிலையத்தில் தாம்பரம் வண்டியில் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை, அங்கே கோர்ட்டுகள். அதற்கடுத்தது கிண்டி, அங்கே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். சாவு ஒரு ஸ்டேஷன், கோர்ட் ஒரு ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டேஷன். மூன்றையும் ஒரே தண்டவாளம் இணைக்கிறது. நாம்தான் இணைக்கவில்லை.

இணைப்பது எளிதல்ல என்பதும் உண்மை. தொழிற்சாலைக்கு ஓர் இலாகா, கடைக்கு வேறு இலாகா. பட்டாசுக்கு மத்திய சர்க்காரின் வெடிபொருள் இலாகாவும் ஜில்லா நிர்வாகமும். சாக்கடைக்கு நகராட்சி, குடிநீர் வாரியம், கலெக்டர் என்று மூன்று தலை. எல்லாவற்றுக்கும் மேலே போலீஸ். ஒவ்வொருவரிடமும் ஒரு பேரேடு. ஒருவர் பேரேட்டை மற்றவர் பார்ப்பதில்லை. போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களே அதிகம். பக்கத்திலே நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் தரைமட்டம். ஊரே மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தது, டெலிவிஷன்காரர்கள் நேரடியாகக் காட்டினார்கள். கட்டடம் விழுந்த தேதி தெரியும், இடித்த தேதி தெரியும். வாய்தா தேதியை யார் காட்டினார்கள்? சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் ஏறத்தாழ 40 பேர் கருகினார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சீமையில் வெடிக்காத வருஷம் இல்லை. சாக்கடைச் சாவுகளிலோ, 1993-க்குப் பிந்தைய கணக்கென்று மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் வைத்த பட்டியல்களில் தமிழ்நாடு முதலிடம் வகித்தது. எதில் எதிலோ முதலிடம் என்று மேடையில் முழங்குகிறோம். இதையும் கொஞ்சம் முழங்கலாம்.

"வழக்கைத் துரத்தி என்ன பயன்? பணக்காரன் தப்பித்துக்கொள்வான்" என்று சோர்ந்து பேசும் தோழர்கள் உண்டு. அவர்கள் போபாலைக் காட்டுவார்கள். நானும் போபாலையே காட்டுகிறேன். 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தது, ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கம்பெனித் தலைவர் ஆண்டர்சன் டிசம்பர் 7-ல் கைதாகி அன்றே ஜாமீனில் வெளியே வந்து விமானம் ஏறினார். 2014-ல் சாகும் வரை இந்தியக் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை. 1996-ல் சுப்ரீம் கோர்ட் பத்து வருஷம் வரை தண்டிக்கும் பிரிவை நீக்கி இரண்டு வருஷப் பிரிவாகக் குறைத்தது. 2010 ஜூன் 7-ல் தீர்ப்பு. உயிரோடிருந்த 7 இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு வருஷம், அன்றே ஜாமீன். ஆமாம், அநியாயம்தான். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்குப் பின்னும் தீர்ப்பு என்று ஒன்று வந்ததே, அது யாரால்? வாயுவில் நுரையீரல் வெந்த பெண்கள், தையல் கூலி வேலை செய்த பெண்கள், சனிக்கிழமை தோறும் ஒரு பூங்காவில் கூடினார்கள். வழக்கு எங்கே நிற்கிறது, அடுத்த வாய்தா என்ன என்று பேசினார்கள். வருஷக்கணக்கில் சனிக்கிழமை தவறவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு வருஷத் தண்டனையும் இல்லை; ஆண்டர்சன் ஓடிப்போனவர் என்ற பெயரும் இல்லை.

நம் கும்பகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொழிற்சாலை அல்ல, பள்ளிக்கூடம். 2004 ஜூலை 16-ல் 94 பிஞ்சுகள் எரிந்தன. பெற்றோர்கள் விடவில்லை. பத்து வருஷம் கழித்து 2014 ஜூலை 30-ல் 10 பேருக்குத் தண்டனை கிடைத்தது. பின்னர் மேல்முறையீட்டில் குறைந்தது, அது வேறு துயரம். ஆனால் வழக்கின் எண் அந்த ஊர்த் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது.

கடல் கடந்து பார்த்தால், பிரிட்டனில் ஆலைப் பாதுகாப்பு இலாகா தான் வென்ற வழக்குகளை ஒரு பொதுப் பதிவேட்டில் வெளியிடுகிறது. கம்பெனி பெயர், விதி, கோர்ட், தேதி, அபராதம் எல்லாம் யாரும் பார்க்கலாம். 2007-ல் அந்த நாட்டில் கம்பெனியையே கொலைக் குற்றத்துக்கு நிகராக நிறுத்தும் சட்டம் வந்தது; 2011-ல் முதல் கம்பெனி குற்றவாளி என்று தீர்ப்பானது. சோதனைக் குழி சரிந்து ஓர் இளைஞர் இறந்த வழக்கு; அபராதம் 3,85,000 பவுன். அது சின்னக் கம்பெனி, திமிங்கலம் அல்ல, நெத்திலி என்று அங்குள்ளவர்கள் குறைப்பட்டார்கள். நியாயமான குறைதான். ஆனால் குறை சொல்லவும் பதிவேடு இருந்தது. கனடாவில் 1992-ல் வெஸ்ட்ரே சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தனர். ஒருவருக்கும் தண்டனை இல்லை. எஃகுத் தொழிலாளர் சங்கம் பன்னிரண்டு வருஷம் அதையே பேசிப் பேசி, 2004-ல் கம்பெனிகளைக் கிரிமினல் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் திருத்தத்தை வாங்கிற்று.

இனி, கொஞ்சம் கசப்பானதைச் சொல்லியாக வேண்டும். முதலாளியைத் திட்டுவது சுலபம். நம்மைப் பார்ப்பது கஷ்டம். ஆலையில் சாவு விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? பிணவறை வாசலில் கூடுகிறோம். உடலை வாங்க மாட்டோம் என்கிறோம். கோஷம் எழுகிறது, கார் வருகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு தொகை முடிவாகிறது. ஒரு தாளில் கையெழுத்து. உடல் வண்டி ஏறுகிறது. "நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்துவிட்டோம்" என்று மறுநாள் சுவரொட்டி. அந்தத் தாளில் "புகார் இல்லை" என்று ஒரு வரி இருந்ததா என்று யார் படித்தார்கள்? தோழர்களே, நஷ்ட ஈடு வேறு, வழக்கு வேறு. நஷ்ட ஈடு தொழிலாளியின் சட்டப்படியான பாத்தியதை. 1923 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதை வாங்கியதால் குற்றம் மன்னிக்கப்பட்டதாகாது. விலை பேசி முடித்தோம் என்று முதலாளி நினைத்தால் அது அவர் வழக்கம். நாமும் அப்படியே நினைத்தால்?

தொழிலாளியின் கவனக்குறைவு என்பார்கள். அந்தத் தம்பியையும் அப்படித்தான் சொன்னார்கள். கார்டைக் கழற்றியது யார் கவனம் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கிளைக்கு ஒன்று, இருநூறு பக்கம், நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். மாநாட்டுக்குத் தோரணம் கட்டும் செலவில் நூறு வாங்கலாம். பேட்டையில் வேலையிடத்தில் ஒரு சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒரு பக்கம். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது; எண்ணை அன்றே எடுத்துவிடலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 16 இலக்கம் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் அடித்தால் அடுத்த வாய்தா தெரியும். கையிலே போன் இல்லாத வாலிபத் தோழர் யார் இருக்கிறார்? சினிமா நடிகரின் அடுத்த படத் தேதி தெரிந்தவருக்கு இதுவும் தெரியட்டும். இலாகாவிடம் பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனுவில் கேட்க வேண்டியது: விபத்து அறிவிப்பு வந்ததா, விசாரணை நடந்ததா, பிராது எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், கோர்ட் எது, முடிவு என்ன, அபராதம் கட்டப்பட்டதா. முப்பது நாளில் பதில் தர வேண்டும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே இந்த மனு போய்ச் சேர்ந்தால், தூங்குகிற கோப்புகூட எழுந்து உட்காரும். தன்னை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பட்டறைத் தம்பியின் பெயரை எழுதினோம். கெடு தாண்டிய வழக்குத்தான். ஆனாலும் அந்தக் கெடுவுக்குள் பிராது போயிற்றா இல்லையா என்பதையாவது எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் அவர். மனுவை நான் எழுதினேன். கையெழுத்து அவருடையது. இடது கையால் போட்டார். எழுத்துகள் கொஞ்சம் கோணிக்கொண்டு, வரியை விட்டு மேலே ஏறின. "பரவாயில்லையா, அண்ணே?" என்றார். சென்ற திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டோம். இன்றைக்கு ஆறாவது நாள்.